பழசு விக்கிறது கேவலமா?

எங்க மருமக பழைய மிக்ஸி, தையல் மெஷின், சின்னப் புள்ளைங்க சைக்கிள் எல்லாம் வாங்கி, துடைச்சு, ரிப்பேர் பார்த்து, வீட்டுல இருந்தே போன் மூலமா விக்கிறாங்க. "விவசாயி வீட்டுல காயலான் கடையா?"ன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க. பழவேற்காட்டுல பழைய வலையும் போட் இன்ஜினும் கை மாறாமலா தொழில் நடக்குது? 1985-ல எரிஞ்ச மூர் மார்க்கெட்டுல பழைய புஸ்தகம் வாங்கிப் படிச்சு முன்னேறினவங்க எத்தனை பேர்!

கேவலம் அதுல இல்ல, ஏமாத்துறதுலதான். போன மாசம் ஒருத்தன், "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வரும்"னான். 1,800 ரூபா போச்சு. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்தா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாம், போன்ல முடியாது. அதனால விக்கிறவங்க கீறலை முதல் போட்டோவுலயே காட்டணும். வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை: பேரம் பேசுங்க, தப்பில்ல. வர்றேன்னு சொல்லிட்டு வராம இருக்காதீங்க. பொன்னேரி ஸ்டேஷன்ல மெஷினோட ரெண்டு மணி நேரம் காத்திருந்துட்டு, அந்தப் பொண்ணு அதைத் திரும்பத் தூக்கிட்டு வந்ததை நான் பார்த்தேன்.