டம்ளர் சாகாது, வாஷர்தான் சாகும்

வாங்கின மூணாம் நாளே பொருளுக்கு விமர்சனம் எழுதுற நம்ம பதிவுலகப் பழக்கத்தை இன்னிக்கு ஒரு பாட்டம் திட்டிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். யாரும் கோச்சுக்காதீங்க. சினிமாவுக்கு முதல் நாளே எழுதுங்க, தப்பில்லை. ஆனா சூடு தாங்குற டம்ளருக்கு மூணாம் நாள் விமர்சனம்ங்கறது, வாடகைக்குக் குடிபோன மூணாம் நாளே "எங்க ஹவுஸ் ஓனர் தங்கமான மனுஷன்"னு சர்டிபிகேட் கொடுக்கற மாதிரி :-)

புதுசா இருக்கும்போது எல்லா டம்ளரும் நல்லாத்தான் இருக்கும். 12 மணி நேரம் சூடு, 24 மணி நேரம் சில்லுன்னு பெட்டியில போட்டிருக்கறது புது டம்ளரோட கணக்கு. மூணாவது வருஷம் என்ன ஆகும்? பெட்டியும் சொல்றதில்லை, நாமளும் சொல்றதில்லை.

அடியேனோட கட்சி இதுதான். டம்ளரோட உடம்பு நாம நினைக்கறதை விட ரொம்ப நாள் உழைக்கும். முதல்ல போறது மூடி. அதுக்கும் முன்னாடி போறது மூடிக்குள்ள இருக்கற ரப்பர் வளையம். அந்த வளையத்தைத் தனியா விக்காத கம்பெனி "ஆயுசுக்கும் உழைக்கும்"னு விளம்பரம் பண்ணினா, அது பச்சைப் பொய்.

முதல்ல உடம்பைப் பார்ப்போம். ஜேம்ஸ் டூவார்ங்கற விஞ்ஞானி 1892ல கண்டுபிடிச்ச அதே சமாச்சாரம்தான் இன்னிக்கும். ரெண்டு சுவர், நடுவுல காத்தை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். நடுவுல காத்தே இல்லைன்னா வெப்பத்தைக் கடத்திக்கிட்டுப் போக ஆள் கிடையாது. மிச்சம் இருக்கறது கதிர்வீச்சு. அதுக்குக் கண்ணாடி ஃபிளாஸ்க்ல வெள்ளிப்பூச்சு, இப்ப வர்ற நல்ல எஃகு டம்ளர்கள் பலதுல உள்சுவரோட மறுபக்கம் செம்புப் பூச்சு. கண்ணாடிக்குப் பதிலா முழுக்க எஃகுலயே செய்ய முடியும்னு வில்லியம் ஸ்டான்லி 1913ல காட்டினார்.

இந்த வெற்றிடம் சும்மா கெட்டுப்போகாது. எஃகுக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா வாயு கசியறது உண்மை. அதையும் உறிஞ்சிக்கறதுக்கு நல்ல தயாரிப்புகள்ல ரெண்டு சுவருக்கும் நடுவுல ஒரு சின்ன வேதிப்பொருளை வெச்சே மூடிடறாங்க. ஓங்கிக் கீழே போட்டு ரெண்டு சுவரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டாலோ, வெல்டிங்ல மயிரிழை விரிசல் விட்டாலோதான் சோலி முடியும். அப்படி முடிஞ்சா வீட்ல வெச்சு ரிப்பேர் பண்ண முடியாது. ஆனா பரிசோதனை ரொம்ப சுலபம். கொதிக்கற தண்ணிய ஊத்தி மூடி, அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்க. வாய் விளிம்பு சுடறது சகஜம். நடுப்பக்கம் சாதாரணமா இருந்தா வெற்றிடம் உயிரோட இருக்கு. சுட்டா, சங்கு ஊதியாச்சு.

எங்க வீட்ல மூணு டம்ளர் இருக்கு. மூணுமே நாலு வருஷம் தாண்டினது. பெயிண்ட் உரிஞ்சு, சொட்டை விழுந்து, பார்க்க சகிக்காது. மூணும் இந்தப் பரிசோதனைல பாஸ். ஆனா மூணுல ரெண்டுக்கு மூடி கிடையாது. இப்ப அதுல பேனா குத்தி வெச்சிருக்கோம்.

அந்த ரெண்டுல ஒண்ணு அப்பாவோடது. ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி அவரைத் தனியா அடுப்படிக்கு விடறதில்லை. மாத்திரைக்கு வெந்நீர் கட்டில் பக்கத்துலயே அந்த டம்ளர்ல இருக்கும். பத்து மணிக்கு ஊத்தினா விடிகாலை மூணு மணிக்கும் ஆவி பறக்கும். நாலாவது வருஷம் மூடிக்குள்ள இருந்த வளையம் தளர்ந்துபோச்சு. மூடி திருகின மாதிரி இருக்கும், ஆனா இறுகி இருக்காது. ஒரு ராத்திரி அவர் சாய்ச்சுக் குடிக்கப் போக, ஓரமா ஒழுகி கை முழுக்கக் கொப்பளம். டம்ளரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. அது தன் வேலைய ஒழுங்கா செஞ்சதாலதான் கை வெந்துச்சு. சாதாரண சொம்புத் தண்ணியா இருந்தா அந்நேரம் ஆறிப்போயிருக்கும்.

அடுத்த நாளே கம்பெனிக்கு போன் போட்டேன். பேர் வேண்டாம். "சார், அந்த மாடல் நிறுத்தியாச்சு. வாஷர் தனியா கிடையாது. புது டம்ளர்ல ஆஃபர் போயிட்டிருக்கு"ன்னு பதில். வாரண்டி அட்டைய எடுத்துப் பார்த்தா, உடம்புக்கு மட்டும்தான் வாரண்டி. ரப்பர் பாகங்கள் தேய்மானக் கணக்குல வரும்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. அதாவது, எது கெடாதோ அதுக்கு உத்தரவாதம். எது கெடுமோ அதுக்குக் கிடையாது. என்ன ஒரு தாராளம்!

சரின்னு பாத்திரக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி மூடியத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "குக்கருக்குன்னா கம்பெனியும் லிட்டரும் சொன்னாப் போதும் தம்பி, எடுத்துக் குடுத்துருவேன். இதுக்கு நான் என்னன்னு தேடுறது?"ன்னாரு.

மக்களே, அண்ணாச்சி கேட்டதுதான் இந்தப் பதிவோட மையமே. பிரஷர் குக்கரை யாராச்சும் கேஸ்கட் போச்சுன்னு தூக்கிப் போடறோமா? கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு, கைப்பிடி, கைப்பிடி ஸ்க்ரூ உட்பட எல்லாமே தெருமுனைக் கடையில கிடைக்குது. அதனாலதான் அம்மாவுக்கு சீர்வரிசைல வந்த குக்கர்ல மருமக சமைக்கறா. பழைய கண்ணாடி ஃபிளாஸ்க் கூட அப்படித்தான் இருந்துச்சு. உள் கண்ணாடி உடைஞ்சா "ரீஃபில்"னு கேட்டு வாங்கி, அடி மரையக் கழட்டி மாத்திப்போம். உடையற சாமானுக்கு உதிரிபாகம் இருந்த ஊர்ல, உடையாத சாமானுக்கு இல்லையாம். இதுக்குப் பேரு முன்னேற்றமா?

முடியாதுன்னு சொல்லிடாதீங்க. ஜப்பான்ல முடியுது. அங்கே ஸோஜிருஷி, டைகர், தெர்மாஸ் மூணு கம்பெனியும் மாடல் எண் வாரியா மூடியும் வளையமும் தனியா விக்கறாங்க. வளையம் தேயற பொருள், வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்கன்னு வாங்கறவங்களுக்கு அவங்களே சொல்றாங்க. அதோட, "நாள் முழுக்க சூடு"ன்னு கதை விடாம, கொதிநிலைக்குப் பக்கத்துல இருக்கற தண்ணி 6 மணி நேரம் கழிச்சு இத்தனை டிகிரிக்குக் குறையாதுன்னு எண்ணைப் போடறாங்க. அந்த எண் இருந்தா ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுத் தெர்மாமீட்டர் வெச்சு நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். "நாள் முழுக்க"ங்கறதை எந்தத் தெர்மாமீட்டர் வெச்சு அளக்கறது?

அமெரிக்கா பக்கம் வருவோம். 2024 டிசம்பர்ல ஸ்டான்லி கம்பெனி ஸ்விட்ச்பேக், ட்ரிகர் ஆக்‌ஷன்னு ரெண்டு வகை டிராவல் மக்குகளைத் திரும்பப் பெற்றாங்க. அமெரிக்காவுல மட்டும் சுமார் 26 லட்சம். எஃகு விரிசல் விட்டுச்சா, வெற்றிடம் போச்சா? ரெண்டும் இல்லை. சூடும் முறுக்கும் சேர்ந்து மூடியோட மரை சுருங்கி, குடிக்கும்போது மூடி கழண்டுக்குதாம். உலகம் முழுக்க 38 பேருக்குச் சுட்ட காயம்னு கணக்கு வந்துச்சு. நிவாரணம் என்ன தெரியுமா? இலவசமா புது மூடி. மக்கைத் தூக்கிப் போடச் சொல்லலை. ஆக, மூடிய மட்டும் மாத்த முடியும், அவங்களுக்கே தெரியும். சட்டம் கழுத்தைப் பிடிச்சா முடியற காரியம், வாடிக்கையாளர் கெஞ்சினா மட்டும் ஏன் முடியறதில்லை?

ஏன்னு சொல்றேன். அதே ஸ்டான்லியோட குவென்ச்சர் டம்ளர் 2016ல வந்து, 2019ல கிட்டத்தட்ட மூட்டை கட்டப்பட இருந்தது. அப்புறம் கலர் கலரா விட்டாங்க. 2019ல சுமார் 7.3 கோடி டாலரா இருந்த கம்பெனி வருமானம் 2023ல சுமார் 75 கோடி டாலர்னு செய்தி வந்துச்சு. ஆயுசுக்கும் உழைக்கற பொருளை ஆளுக்கு ஒண்ணு வித்தா வியாபாரம் பத்து மடங்காகாது. ஆளுக்கு நாலு, புடவை மாதிரி கலருக்கு ஒண்ணுன்னு வித்தாத்தான் ஆகும். அந்த வியாபாரத்துக்கு வாஷர் தனியா கிடைக்கறது நல்லதில்லை.

இப்ப எதிர்வாதங்கள். பின்னூட்டத்துல வரும் முன்னாடி நானே சொல்லிடறேன்.

"பராமரிப்பு சரியில்லை பாஸ்." கொஞ்சம் நியாயம் இருக்கு. வளையத்தைக் கத்தி முனையால நெம்பினா கிழியும். பால் காபி ஊத்திக் கழுவாம விட்டா வளையத்துக்கு அடியில கறுப்பா பூஞ்சை பிடிக்கும், நாத்தம் போகாது. ஈரத்தோட மூடி வைக்கக்கூடாது. உப்புப் போட்ட மோரை நாள்கணக்கா விட்டாலோ, ப்ளீச்சிங் பவுடர் போட்டாலோ எஃகுலயே புள்ளி விழும். எல்லாம் சரி. ஆனா எவ்வளவு பதவிசா வெச்சிருந்தாலும் வளையம் ஒருநாள் தளரத்தான் செய்யும். சைக்கிளை எவ்வளவு துடைச்சாலும் டயர் தேயுமா இல்லையா?

"பழைய ரப்பரை வெட்டிப் போட்டுக்கலாமே." தாராளமா, பேனா ஸ்டாண்டுக்கு. கொதிக்கற தண்ணில ஊறப்போற பொருள் சாப்பாட்டுத் தரமா இருக்கணும். கண்ட ரப்பரைப் போட்டு நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்க என்னால முடியாது.

"ஐநூறு ரூபாய் டம்ளருக்கு இவ்வளவு அலப்பறையா?" உங்களுக்கு அது ஒருநாள் ஹோட்டல் செலவு. ராத்திரி டூட்டி பார்க்கற வாட்ச்மேனுக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்துக் கிடக்கற ஆளுக்கும் அப்படி இல்லை. அது தவிர, கால் கிலோ நல்ல எஃகைக் கால் ரூபாய் ரப்பருக்காகக் குப்பையில போடறது எந்த ஊர் நியாயம்?

அதனால என்ன செய்யலாம்? 2022 ஜூலைல மத்திய அரசு, ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்காக ஒரு குழு போட்டுச்சு. நாலு துறைகளை எடுத்துக்கிட்டாங்க. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதுல ஒண்ணு. டிவி, ஃபிரிட்ஜோட நிறுத்தாம ஃபிளாஸ்க், டம்ளரையும் அதுல சேர்க்கச் சொல்லி நுகர்வோர் அமைப்புகள் கேக்கணும். கம்பெனிக்காரங்க ரெண்டே ரெண்டு காரியம் செஞ்சாப் போதும். மூடியோட மாடல் எண்ணை அழியாத மாதிரி அடியில பொறிக்கணும். மாடலை நிறுத்தினப்புறமும் சில வருஷத்துக்கு வளையமும் மூடியும் விக்கணும். குக்கர் கம்பெனிகள் செய்யறதுதான், புதுசா ஒண்ணும் கேக்கலை.

நாம செய்ய வேண்டியது அதை விட சுலபம். மூணாம் நாள் விமர்சனத்தை நிறுத்துங்க. ரெண்டு வருஷம் தாண்டின டம்ளர் வீட்ல இருந்தா, வெந்நீர் ஊத்தித் தொட்டுப் பார்த்து, எது முதல்ல போச்சு, உதிரிபாகம் கிடைச்சுதா, கிடைக்கலையான்னு எழுதுங்க. கம்பெனி பேரோட எழுதறதும் எழுதாததும் உங்க தைரியம்.

கடைக்குப் போனா "எத்தனை மணி நேரம் சூடு தாங்கும்?"னு கேக்காதீங்க. அதுக்கு எல்லாரும் மனப்பாடமா பதில் வெச்சிருக்காங்க. "இதுக்கு வாஷர் தனியா இருக்கா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா டம்ளரை அங்கேயே வெச்சுட்டு நடையக் கட்டுங்க.

பி.கு.: அப்பாவுக்குக் கை ஆறிடுச்சு. இப்ப வெச்சிருக்கற டம்ளருக்கு, பில் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு வாஷர் சேர்த்து வாங்கியாச்சு.