ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

மார்கழி மாதம். விடியற்காலை. கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் பனி கொட்டுகிறது. கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைக்கிறீர்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது!

சித்திரை மாதம். உச்சி வேளை. அதே கிணறு, அதே வாளி. இப்போது தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது!

இது என்ன மாயம்? மாயம் ஒன்றும் இல்லை. தண்ணீரின் உஷ்ணம் அதிகம் மாறவில்லை. வெளிக்காற்றுதான் மாறியது. சுமார் 40 அடிக்குக் கீழே போய்விட்டால் வெயிலும் பனியும் எட்டுவதில்லை. அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே உஷ்ணம்தான்.

இந்தச் சின்ன உண்மையை வைத்து உலகத்தில் பெரிய வேலைகள் நடக்கின்றன.

பூமிக்குள் போகும் உஷ்ணம்

உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். உள்ளே இருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தால், தள்ளுவது கஷ்டம். மின்சாரச் செலவு கூடுகிறது.

அந்த உஷ்ணத்தைக் காற்றில் தள்ளாமல் பூமிக்குள் தள்ளினால்? அதற்குத்தான் ஆழ்துளை. 200 அடி முதல் 500 அடி வரை ஆழமாகத் துளை போடுகிறார்கள். வளைந்து திரும்பும் பிளாஸ்டிக் குழாயை உள்ளே இறக்குகிறார்கள். சுற்றிலும் களிமண் கலவையை நிரப்புகிறார்கள். குழாய்க்குள் தண்ணீர் கீழே போய் மேலே வருகிறது. போகும்போது சூடு, வரும்போது சூடு தணிந்திருக்கிறது. நிலத்தடி நீரை ஒரு சொட்டுக்கூட எடுப்பதில்லை.

மலையில் அன்னாசி, பலா, வாழை விளைகின்றன. பழம் அழுகாமல் காக்கக் குளிர் அறை வேண்டும். துளை போட ஆளுக்கும் பஞ்சமில்லை. இதே நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோட்டின் ரிக் லாரிகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போடுகின்றன!

அப்படியானால் உடனே தோண்டிவிடலாமா? கூடாது. முதலில் கணக்கு!

கடன் வாங்கிய கணக்கு உதவாது

ஐரோப்பாவில் ஒரு வாய்ப்பாடு உண்டு. துளையின் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 50 வாட் உஷ்ணம் கிடைக்கும் என்பார்கள். அது குளிர்நாட்டு வீட்டைச் சூடாக்குவதற்கான கணக்கு. அங்கே மண்ணின் உஷ்ணம் சுமார் 10 டிகிரி. நமக்கு வேண்டியதோ குளிர்ச்சி. நம் மண்ணும் வேறு.

உஷ்ணம், சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்கு ஓடும். வித்தியாசம் அதிகமானால் ஓட்டமும் அதிகம். பேச்சுக்குச் சொல்கிறோம்: குழாயில் 38 டிகிரி தண்ணீர் போகிறது. சமவெளியில் மண் 29 டிகிரி என்றால் வித்தியாசம் 9 தான். மலைமேல் மண் 22 டிகிரி என்றால் வித்தியாசம் 16! மலைக்கு இது பெரிய லாபம்.

ஆனால், மண்ணின் உஷ்ணத்தை ஊகித்துச் சொல்லலாமா? 1840-களில் திருவனந்தபுரம் வானிலைக்கூடத்தில் ஜான் கால்டெகாட் என்பவர் 3, 6, 12 அடி ஆழங்களில் உஷ்ணமானிகளைப் புதைத்து அளந்தார். காற்றின் சராசரி உஷ்ணத்தைவிட மண்ணின் உஷ்ணம் அதிகமாக இருந்தது! காற்றைப் பார்த்து மண்ணைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஏறிக்கொண்டே போகும் வட்டி

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

ஸ்வீடன் போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் பூமியிலிருந்து உஷ்ணத்தை எடுக்கிறார்கள். கோடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். வரவும் செலவும் சரிக்கட்டும். நாமோ 12 மாதமும் உஷ்ணத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம். பாறை அதைச் சீக்கிரம் வெளியே விடாது. கட்டாத கடனுக்கு வட்டி ஏறுவதுபோல் உஷ்ணம் ஏறும்.

அமெரிக்காவில் ஸ்டாக்டன் கல்லூரியில் 1990-களில் 400 துளைகள் போட்டார்கள். ஒவ்வொன்றும் 425 அடி ஆழம். சூடாக்கும் தேவையைவிடக் குளிர்விக்கும் தேவை அங்கே அதிகம். நாளடைவில் அடிநிலமே சூடேறிவிட்டது. குளிர்நாட்டிலேயே இந்தக் கதி என்றால், நம் நாட்டில்?

கணக்குப் போடும் வழி

வழி இருக்கிறது. முதலில் ஒரே ஒரு சோதனைத் துளை போட வேண்டும். தெரிந்த அளவு சூட்டை இரண்டு, மூன்று நாள் இடைவிடாமல் தண்ணீரில் ஏற்றிச் சுற்றவிட வேண்டும். போகும் தண்ணீர் எத்தனை டிகிரி, வரும் தண்ணீர் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். அந்தப் பாறை எவ்வளவு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும் என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையை 1983-ல் மோகென்சன் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார்.

பிறகு கம்ப்யூட்டர் வேலை. 25 ஆண்டுகளில் மண் எவ்வளவு சூடேறும்? துளைக்குத் துளை எத்தனை அடி இடைவெளி வேண்டும்? துளைகள் நெருங்கினால் ஒன்றின் சூடு மற்றொன்றைத் தாக்கும். இதற்கு அடிப்படையான சூத்திரத்தைக் கெல்வின் பிரபு 19-ம் நூற்றாண்டிலேயே கொடுத்துவிட்டார். 1980-களில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார், பல துளைகளுக்கும் சேர்த்துக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

மலைமேல் இப்படி ஒரு குளிர் அறை கட்ட நினைப்போர் முதலில் சோதனைத் துளைக்குப் பணம் ஒதுக்க வேண்டும். கிடைத்த அளவுகளைத் தமிழில் அச்சிட்டு ஊர் அறிய வைக்க வேண்டும். எந்திரம் தள்ளும் உஷ்ணத்தை எல்லாம் பூமியில் கொட்ட வேண்டியதும் இல்லை. மலையில் மிளகும் காப்பியும் விளைகின்றன. அறுவடைக் காலத்தில் அவற்றை உலர்த்த அந்தச் சூட்டில் ஒரு பகுதி உதவுமே! பூமியின் பாரமும் குறையும்.

சோதனைக்குச் செலவாகும் என்று சிலர் முணுமுணுக்கலாம். கணக்கில்லாமல் போட்ட துளை சில ஆண்டுகளில் பயனற்றுப் போனால், அந்தச் செலவு யார் தலையில் விழும்? மலைமக்கள் தலையில்தான்!

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியோர். குழாயை விடுவதற்கும் அதே புத்திமதிதான்!