ஒயில் ஊற்றுவது ரிப்பேர் அல்ல

நம்மில் பலரிடம் இருப்பது இருபது வருடத்துக்கு மேல் ஓடிய கார்தான். 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல் திறந்த பிறகும் புதியது வாங்க ஆசிரியர் சம்பளம் இடம் கொடுக்காது. இருப்பதைப் பேணுவதுதான் நமக்குள்ள வழி.

ஆனால் பேணுகிறோமா? ஸ்டியரிங் முனகினால் பொனட்டைத் திறந்து பவர் ஸ்டியரிங் ஒயில் ஊற்றுகிறோம். அடுத்த வாரமும் ஊற்றுகிறோம். நாங்களும் ஆறு மாதம் இதைத்தான் செய்தோம். ஒருநாள் ஒயில் வற்றி, பம்பும் பழுதானது. முதலில் கசிந்ததோ ஒரு ஹோஸ் மட்டும்தான்!

ஒயில் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கராஜில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸா, பம்ப் சீலா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ரெக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறைக்குள் ஒயில் நின்றால் ரெக் சீல் போயிருக்கிறது. பார்க்காமலே "ரெக்கை மாத்துவம்" என்றால், "எங்க கசியுது, காட்டுங்க பாஸ்" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பிரேக் ஒயிலை மட்டும் அதில் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் கெட்டுவிடும்.

சூடான சைலன்சர் குழாயில் ஒயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். வளைவில் ஒயில் தீர்ந்தால் ஸ்டியரிங் கல்லாய் இறுகும். அப்போது பின் சீட்டில் இருப்பது நம் உம்மாவும் பிள்ளைகளும்தான். ஹோஸ் காசை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.