பச்சைத் துணியும் பத்தடி அறையும்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது, கைப்பேசியை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்துச் செய்தி கொடுக்கத் தொடங்கிய சபைகள் அநேகம். ஆலயக் கதவுகள் திறந்த பின்பும் அந்த வழக்கம் நின்றுபோகவில்லை. மும்பையிலும் சூரத்திலும் நம் பிள்ளைகள் பாடுகிற பாடலைத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் தாய் தகப்பன்மார் அன்றைக்கே கேட்கிறார்கள். இப்பொழுது வாலிபர்களுக்கு வேறொரு விருப்பம் உண்டாகியிருக்கிறது. பாடுகிறவர்களுக்குப் பின்னால் காஸ் சிலிண்டரும் துணிக்கொடியும் தெரிகின்றன; பச்சைத் திரை போட்டு எடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். விளக்கு, தாங்கி, திரை எல்லாம் சேர்ந்த செட்டைத் தவணையில் வாங்க விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிற வாலிபர் சங்கங்களும் உண்டு. சபைப் பெட்டியில் விழுகிற பணம் இஸ்திரிக் கடையிலும் இட்லிக் கூடையிலும் சம்பாதிக்கப்பட்டது. ஆகையால் கையெழுத்துப் போடுமுன் இதை வாசியுங்கள்.

இந்த முறை புதிதல்ல. 1940இல் வெளிவந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' என்னும் ஆங்கிலப் படத்தில் லாரி பட்லர் என்பவர் நீலத் திரையைப் பயன்படுத்திப் புகழ்பெற்றார். நம்மில் அநேகர் பார்த்திருக்கிற 'பென்-ஹர்' (1959) படத்திற்காகப் பெட்ரோ விலாஹோஸ் என்னும் பொறியாளர் இதைச் சீர்படுத்தி, தலைமயிரின் ஓரமும் கெடாதபடி பிரித்தெடுக்க வழி கண்டார். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்குத் துணி இன்னது, ஆள் இன்னார் என்று தெரியாது; ஒரு நிறத்தை மாத்திரம் அறியும். அந்த நிறம் இருக்கிற இடத்தையெல்லாம் எடுத்துப்போட்டு, நீங்கள் கொடுக்கிற படத்தை அங்கே வைக்கும். துணியில் நிழலும் சுருக்கமும் விழுந்தால் ஒரு பச்சை பத்துப் பச்சையாகிவிடுகிறது. பத்தையும் நீக்கச் சொன்னால் சட்டையின் கை ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி இதுவே.

ஏன் பச்சை? மனிதத் தோலில் பச்சை நிறம் குறைவு. கைப்பேசிக் காமிராக்களின் உள்ளே நிறத்தை உணரும் புள்ளிகளில் சிவப்புக்கு ஒன்று, நீலத்திற்கு ஒன்று என்றால் பச்சைக்கு இரண்டு என்பதே வழக்கமான அமைப்பு. குறைந்த வெளிச்சத்திலும் பச்சை தெளிவாய்ப் பதியும். நீலத்திற்கும் ஒரு நன்மை உண்டு. திரையின் நிறம் தெறித்துக் கருங்கூந்தலில் படிந்தால், பச்சையைப்போல நீலம் கண்ணை உறுத்தாது. ஆனாலும் முதன்முதல் செய்கிறவர்கள் பச்சையோடு தொடங்குவது நல்லது.

துணிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். பளபளப்பில்லாத அடர்ந்த பருத்தித் துணி போதும். சாட்டின் வேண்டவே வேண்டாம். அது விளக்கை அப்படியே திருப்பி அடிக்கும். அகலமான துணியாய்ப் பார்த்து வாங்கினால் நடுவில் தையல் வராது. இஸ்திரி போட்டு, மேலே ஒரு பிவிசி குழாயில் கோத்து, கீழே கிளிப்பால் இழுத்துக் கட்டுங்கள். சுவர் முழுவதையும் மூட வேண்டுமென்று எண்ணுகிறார்கள், அவசியமில்லை. இடுப்பளவு எடுக்கிற படத்தில், பேசுகிறவரும் அவருடைய கை போகிற தூரமும் துணிக்குள் அடங்கினால் போதும். மீதிச் சுவரையும் சிலிண்டரையும் கம்ப்யூட்டரில் வெட்டி நீக்கலாம். இதை அறியாமல் இருபது அடித் துணி வாங்குகிறவர்கள் உண்டு.

தூரத்திலேதான் நமக்கு வருத்தம். பேசுகிறவர் துணிக்கு ஆறடி முன்னால் நின்றால் அவர் நிழல் துணியில் விழாது, துணியின் பச்சை அவர் தோளில் ஏறாது. பத்தடி அறையில் ஆறடியை இதற்கே கொடுத்துவிட்டுக் காமிராவை எங்கே வைப்பது? நான்கடி விடுங்கள், காமிராவை வாசற்படியிலோ அதற்கு வெளியிலோ வையுங்கள். துணியின்மேல் வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். முகத்தைவிடத் துணி பிரகாசமாயிருக்கக் கூடாது. நான்கடியும் கிடைக்காத வீட்டில் இந்த முயற்சியை விட்டு, வெறும் சுவருக்கு முன் நின்று பாடுங்கள். அரைகுறையாய் அறுபட்ட காதோடு பாடுகிறவரைவிட, சுண்ணாம்புச் சுவருக்கு முன் பாடுகிறவர் எவ்வளவோ மேல்.

பணத்தை வெளிச்சத்திற்குச் செலவிடுங்கள். நாலடி எல்.இ.டி. டியூப் விளக்குகள் இரண்டைத் துணியின் இருபுறமும் நிற்க வைத்துத் துணிக்கு மாத்திரம் வெளிச்சம் கொடுங்கள். மூன்றாவது விளக்கு முகத்திற்கு. அதின் முன் ஒரு பட்டர் பேப்பரைத் தொங்கவிட்டால் வெளிச்சம் மிருதுவாகும். முகத்தின் மறுபக்கத்திற்கு ஒரு தெர்மோகோல் பலகை போதும். எல்லா விளக்கும் ஒரே வெண்மையாயிருக்க வேண்டும். வெள்ளையோடு மஞ்சள் பல்பைக் கலக்காதிருங்கள். ஹாலஜன் விளக்கில் காகிதம் கட்டினால் தீப்பிடிக்கும், ஜாக்கிரதை. விளக்குக்கும் வசதியில்லாதவர்கள் வெயில் படுமுன் மொட்டை மாடி நிழலில் எடுத்துப் பாருங்கள். அங்கே வெளிச்சம் ஒரே சீராயிருக்கும்; காற்றையும் ரயில் சத்தத்தையும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்பதால் மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. கைப்பேசியில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்தினால் படத்தில் கோடுகள் ஓடாது. பின்பக்கக் காமிராவையே பயன்படுத்துங்கள். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். முகத்தை அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். கைப்பேசிகள் பொதுவாக வெளிச்சத்தை முழுமையாகவும் நிறத்தை நான்கில் ஒரு பங்காகவும் பதிவு செய்கின்றன. ஆகையால் 4கே அளவில் எடுத்து, பிறகு 1080க்குச் சுருக்கினால் ஓரங்கள் கூர்மையாய் வரும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிக் கெடுத்துவிடாமல், கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்.

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் வேண்டியதில்லை. நேரலைக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ, எடுத்துவைத்ததைத் தொகுக்க ஷாட்கட் அல்லது கேடென்லைவ். கம்ப்யூட்டர் வலுவானதானால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. முதலில் பின்னணியாக ஒரு கருஞ்சிவப்புப் படத்தை வைத்துப் பாருங்கள். ஓட்டை எங்கே, மீந்த பச்சை எங்கே என்று உடனே தெரியும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பச்சைப் புடவையை விலக்க வேண்டுமென்று எல்லாருக்கும் தெரியும். மயில்கழுத்து நிறப் பட்டு அதைவிட மோசம். அசையும்போதெல்லாம் நிறம் மாறி இடையில் ஓட்டை விழும். கதம்பம் சூடினால் பூ நிற்கும், மருக்கொழுந்து மறையும். கித்தாரின் பளபளப்பும் மூக்குக்கண்ணாடியும் திரையைப் பிரதிபலிக்கும்; சற்றே திருப்பி வைத்துப் பாருங்கள்.

பின்னால் எந்தப் படத்தை வைப்பது? இணையத்தில் கிடைக்கிற படம் யாரோ ஒருவருடையது. கேளாமல் எடுப்பது சரியல்ல. உங்கள் ஊர்த் தேரிக்காட்டையோ தாமிரபரணிக் கரையையோ, விடுமுறைக்குப் போகும்போது நீங்களே எடுத்து வாருங்கள். காமிராவை மார்பளவு உயரத்தில் வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று குறித்துக்கொண்டு, இங்கே விளக்கையும் அந்தப் பக்கமே வையுங்கள். ஆனால் ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தையும், நீங்கள் போகாத எருசலேமையும் பின்னால் வைத்து, அங்கே நின்று பேசுகிறதுபோலக் காட்டாதிருங்கள். ஊரிலிருந்து பார்க்கிற வயதானவர்கள் அதை நம்புவார்கள். நம்பிக் காணிக்கையும் அனுப்புவார்கள். வரைந்த படம், ஒரே நிறம், பாடல் வரிகள் இவற்றில் யாரும் ஏமாறுவதில்லை.

வேலை முடிந்ததும் துணியை மடிக்காமல் அந்தப் பிவிசி குழாயிலேயே சுற்றிக் கட்டிலுக்கடியில் வையுங்கள். மடித்த கோடு அடுத்த மாதம் இஸ்திரிக்கும் எளிதில் போகாது.