அடுப்படிச் சுவரில் பிரெஞ்சு



இந்த இதழின் நடுப்பக்கத்தை இதற்குள் விரித்துப் பார்த்திருப்பீர்கள். ஒரு ரொட்டிக்கடை. கல்லாவுக்குப் பின்னால் ஓர் அம்மாள், எதிரே தோளில் பையோடு ஓர் இளம்பெண். இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அதற்கும் கீழே பொருள். பின்னைக் கழற்றினால் தாள் தனியாக வந்துவிடும். சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சார்ட் தருவதாக இருக்கிறோம்.

“புதுக்கோட்டைக்கு எதுக்கு சார் பிரெஞ்சு?” என்று அச்சகத்திலேயே கேட்டுவிட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்கள் கானாடுகாத்தானோடு திரும்பிவிடுவதில்லை, திருமயம் கோட்டைக்கும் ஏறுகிறார்கள். காரைக்காலிலோ புதுச்சேரியிலோ சம்பந்தம் செய்த குடும்பம் என்றால் பாரிஸில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்க வாய்ப்புண்டு. பழைய உறவும் இருக்கிறது. சித்தன்னவாசல் ஓவியங்களை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ராய். நம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கடைசிக் காலத்தைக் கான் நகரில் கழித்து, 1928இல் பாரிஸில் காலமானார். இவ்வளவையும் சொன்ன பிறகு அச்சகத்தார் தலையாட்டினார்கள். பாதி நம்பிக்கையோடுதான்.

எனக்கு இதில் பெரிய அக்கறை பள்ளிப் பிள்ளைகள்மேல். மதிப்பெண் கிடைக்கும் என்று ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுப்பவர்கள் வினைச்சொல் அட்டவணையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கச் சொன்னால் திணறுகிறார்கள். கடைகளில் விற்கும் சார்ட்டுகளும் இதற்கு உதவுவதில்லை. ஆப்பிளுக்கு ஒரு படம், யானைக்கு ஒரு படம். யானையைப் பற்றி யார் யாரிடம் என்ன பேசுவது?

படத்தைக் காட்டிப் பேசவைப்பது இந்த மாவட்டம் நன்கறிந்த வழி. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, 1991இல், இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வேகம் பிடித்தது. அந்த வகுப்புகளில் எழுத்து முதலில் வராது, படம்தான் வரும். படத்தில் இருப்பவர் யார், என்ன செய்கிறார், நம் ஊரில் அது எப்படி என்று கல்லுடைக்கும் பெண்களும் களையெடுத்துவிட்டு வந்த பெண்களும் பேசுவார்கள், சில சமயம் சண்டையும் போடுவார்கள். அந்தப் பேச்சிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து, அதை எழுத்தாகப் பிரிப்பார் தொண்டர். அந்தப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற கதையை நாடே பேசியது. படங்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஐரோப்பாவில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658லேயே படங்களோடு லத்தீன் சொல்லித்தரும் நூலை வெளியிட்டார். அது அவர்கள் கதை; நம் சார்ட்டுக்கு முன்மாதிரி அறிவொளி வகுப்புதான்.

ஆகவே, முதலில் எழுத்தைப் பார்க்காதீர்கள். அந்தக் கடையில் என்ன நடக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களோடு தமிழிலேயே பேசுங்கள். பிறகு வரிகளுக்கு வாருங்கள். நாம் கடைக்குப் போனால் “அண்ணே, கால் கிலோ துவரம்பருப்பு” என்றுதான் ஆரம்பிப்போம். பிரான்ஸில் “போன்ழூர், மதாம்” என்று வணக்கம் சொல்லாமல் எதையாவது கேட்டால் கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ரொட்டி, விலை, “மெர்சி”, கிளம்பும்போது “ஓ ர்வுவார்”. இந்த வரிசை பட்டியலில் தெரியாது, காட்சியில்தான் தெரியும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரி வழக்கப்படி ‘ழ’ போட்டிருக்கிறோம். நம் ழகரம் போல் நாக்கை மடிக்க வேண்டாம், பல்லருகே காற்றை உரசவிடுங்கள். சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது, பாரிஸ் அவர்கள் வாயில் ‘பாரி’தான். மூக்கால் வரும் ஒலிகளுக்கு எங்கள் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். கைப்பேசியில் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சார்ட்டைப் படிக்கும் அறையில் ஒட்டாதீர்கள் என்பது என் யோசனை. அடுப்படி நல்லது, சோறு கொதிக்கும் நேரத்தில் ஒருவர் கடைக்காரி, ஒருவர் வாடிக்கையாளர். வரிகளைத் தாளால் மறைத்துப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வந்துவிட்டால் கழற்றிவிடுங்கள். அதிக நாள் தொங்கும் எதுவும் பழைய காலண்டர் போலக் கண்ணில் படாமல் போய்விடும்.

அடுத்த மாதம் பேருந்து நிலையக் காட்சி வருகிறது. மூன்றாவது சார்ட் இன்னும் முடிவாகவில்லை. திருமயத்திலும் சித்தன்னவாசலிலும் ஆட்டோ ஓட்டும், இளநீர் விற்கும் வாசகர்கள், வெளிநாட்டுப் பயணிகள் உங்களிடம் அடிக்கடி என்ன கேட்கிறார்கள் என்று ஒரு கார்டு போடுங்கள். அதை வைத்தே ஓவியரிடம் வரையச் சொல்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்