சங்கக் கணக்கும் தரவுத்தளமும்

நெசவாளர் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் பேரேட்டின் இடத்தைக் கணினி பிடித்து வருகின்றது. மென்பொருள் வாங்கும் நிர்வாகக் குழுவினர் திரையின் அழகையும் விலையையும் விசாரிக்கின்றனர். கணக்கு உள்ளே எவ்வகைத் தரவுத்தளத்தில் தங்கப்போகின்றது என்று கேட்பவர் அரியர். அங்கத்தினரின் கூலியும் சிக்கன நிதியும் தங்குமிடம் அதுவே. ஆதலின் இதனை விற்பனையாளரின் விருப்பத்திற்கு விட்டுவிடலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

நெசவாளர் ஒருவர் சேலையை ஒப்படைக்கும் வேளையை எடுத்துக்கொள்வோம். சரக்கிருப்பு கூடவேண்டும்; அவர் பெயரிலுள்ள நூல் பாக்கி குறையவேண்டும்; கூலி வரவாகவேண்டும்; அதிலிருந்து சிக்கன நிதிக்குப் பிடித்தம் செல்லவேண்டும். இரண்டு பதிவுகள் முடிந்த நிலையில் மின்சாரம் நின்றுபோனால், சேலை வந்திருக்கும், கூலி வந்திராது. நான்கும் பதிவாகவேண்டும், இல்லையேல் ஒன்றும் பதிவாகலாகாது என்னும் காவலுக்கு டிரான்ஸாக்‌ஷன் என்று பெயர். சங்கக் கணக்கிற்கு இஃது உயிர்நிலை.

இக்காவலில் நெடுநாள் தேறியவை தொடர்புசார் தரவுத்தளங்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்கு அடிப்படை. விவரங்கள் அட்டவணைகளாக இருக்கும். அங்கத்தினர் எண் அவற்றை இணைக்கும். முறையாக அமைத்துவிட்டால், பட்டியலில் இல்லாத எண்ணுக்குக் கூலி எழுதத் தரவுத்தளமே இடங்கொடாது. (பட்டியலிலேயே பொய்ப் பெயரைச் சேர்ப்பாரை அது தடுக்காது, அதற்குத் தணிக்கையாளரே வேண்டும்.)

2009-இல் வெளிவந்த மாங்கோடிபி போன்ற ஆவண வகைத் தரவுத்தளங்களில் ஒவ்வொரு பதிவும் தனக்கென ஒரு வடிவம் கொள்ளலாம். ஒரு சேலைக்கு ஜரிகை எடையும், மற்றொன்றுக்கு முந்தானை விவரமும் எழுதவேண்டிய மாதிரித் தொகுப்பிற்கு இது பொருத்தமே. பல ஆவணங்களைச் சேர்த்துக் காக்கும் டிரான்ஸாக்‌ஷன் வசதியும் 2018-இல் அதற்கு வந்துவிட்டது. எனினும், வரவு செலவிற்காக அதனை நாடக் காரணம் காணோம்.

ஒரே எழுத்தர் பணிபுரியும் சிறு சங்கத்திற்கு, 2000-இல் தோன்றிய எஸ்க்யூலைட் போதும். முழுக் கணக்கும் ஒரே கோப்பில் அடங்கும்; தனிச் சர்வர் வேண்டுவதில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரே அதில் எழுத இயலும். அறுவடைக் காலத்தில் பல எடைமேடைகளிலிருந்து ஒருங்கே பதிவு செய்யும் விற்பனைச் சங்கத்திற்குப் போஸ்ட்கிரஸ் ஏற்றது. இவ்விரண்டிற்கும் உரிமக் கட்டணம் இல்லை என்பதை விலைப்புள்ளி பார்ப்போர் நினைவிற் கொள்க.

பணத்தை எவ்வாறு எழுதி வைக்கிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும். கணினியின் வழக்கமான பின்ன முறையில் 0.1-உம் 0.2-உம் கூடினால் சரியாக 0.3 ஆவதில்லை. ஆகவே தொகையை முழுப் பைசாக்களாகவோ, அதற்கென உள்ள தசம முறையிலோ வைக்கவேண்டும். இல்லையேல், ஆண்டிறுதியில் காணாமற்போன பைசாக்களைத் தேடி எழுத்தர் இரவு பகலாக அலைய நேரிடும்.

கணக்கு முழுவதையும் சங்கம் விரும்பும்போது வேறு மென்பொருளுக்கு எடுத்துச் செல்லலாம் என்னும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். கையெழுத்திடுமுன் ஒத்திகை ஒன்று நடத்துக. சேலையொன்றைப் பதியும்போது நடுவில் மின்னிணைப்பைத் துண்டித்து, மீண்டும் கணினியை இயக்கி, அந்த நான்கு பதிவுகளையும் விற்பனையாளர் முன்னிலையிலேயே சரிபார்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.