ரெடி வேறு, விலிங் வேறு

சோறு ரெடி, பிள்ளை ரெடி, ஓட்டோ ரெடி. ஆங்கிலம் வராது என்று கூச்சப்படும் சகோதரிகளும் நாளுக்குப் பத்துத் தடவை சொல்லும் ஆங்கிலப் பெயரடை இது.

குதிரைச் சவாரியைக் குறிக்கும் 'ரைட்' என்ற வினையோடு இதற்கு வேர்த்தொடர்பு உண்டு என்பது மொழியியலாளர் கருத்து. பயணத்துக்குச் சேணம் கட்டி நிற்பதே ஆதிப் பொருளாக இருக்கலாம். ஜெர்மன் மொழியின் 'பெரைட்' இதன் உறவுச் சொல். பின்னால் பெயர் வந்தால் 'ஃபோர்', வினை வந்தால் 'டு' சேர்ப்போம். 'ரெடி மணி' என்றாலோ கையிலுள்ள காசு.

நேர்முகப் பரீட்சைக்குப் போகும் யுவதிகளிடம் நான் வற்புறுத்துவது வேறொன்று. 'ரெடி' ஆயத்தத்தைச் சொல்லும்; 'விலிங்' மனச்சம்மதத்தைச் சொல்லும். ஆங்கிலத்தில் 'ரெடி, விலிங் அண்ட் ஏபிள்' என்று மூன்றையும் பிரித்தே சொல்வது இதனால்தான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, படிவத்தில் 'இரவு வேலைக்கு விலிங்கா?' என்றிருந்ததை 'ரெடியா?' என்று விளங்கி 'யெஸ்' போட்டுவிட்டாள். உடம்பில் தெம்பிருக்கிறது என்பதே அவள் சொல்ல வந்தது. முதல் வாரமே இரவு முறை வந்தது. வீட்டில் கைக்குழந்தை.

தொழிற்சாலைப் பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக இரவில் வேலை வாங்கக்கூடாது என்கிறது, திருத்தங்களோடு கூடிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம். அந்த விருப்பம்தான் 'விலிங்'. மனமில்லையென்றால் படிவத்தில் 'நொட் விலிங்' என்றே எழுதுங்கள். கையொப்பமிடுமுன் ஒரு பிரதியும் கேட்டு வாங்குங்கள்.